அம்மாவின் சாம்பிராணியும் மஸ்கட் சென்ட்டும்: குந்திரிக்கம் மனதை ஆற்றுமா?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா மஸ்கட்டிலிருந்து வந்தபோது ஒரு சென்ட் பாட்டில் கொண்டுவந்தாராம். குந்திரிக்கம் சேர்ந்தது என்று அட்டையில் போட்டிருக்கிறது. போன வருடம் அம்மா தவறியதிலிருந்து இவருக்கு இரவில் தூக்கம் சரியில்லை. இந்த சென்ட்டை மணிக்கட்டில் போட்டு முகர்ந்தால் நெஞ்சு கொஞ்சம் இளகுகிறதாம். "இது மருந்தா, என் பிரமையா? அம்மா வெள்ளிக்கிழமை போட்ட சாம்பிராணியும் இதுவும் ஒன்றுதானா? மனச்சோர்வைப் போக்கும் என்று சொல்லி விற்கிற குந்திரிக்க எண்ணெயை வாங்கலாமா?" இவைதான் கேள்விகள்.

செவ்வாய்ப்பேட்டையில் அப்பா நடத்திய நாட்டு மருந்துக் கடையில், பிசின் மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். அத்தரும் சென்ட்டும் கலக்குவது என் தொழிலாகி 26 வருடம் ஆகிறது. தெரிந்ததைச் சொல்கிறேன், தம்பி. முதலில் ஒன்று: உங்களுக்கு நெஞ்சு இளகுவது உண்மை. அதைப் பிரமை என்று தள்ளாதீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விற்கிறவர்கள் சொல்வதற்கும் நடப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பெயரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான். நம் ஊரில் புகை போடுகிற பிசின் எல்லாமே சாம்பிராணிதான். கடையில் "நல்ல சாம்பிராணி கொடுங்க" என்று கேட்பவருக்கு அப்பா மூன்று டப்பாவைத் திறந்து காட்டுவார். ஒன்று சாம்பிராணி. அது சுமத்ரா, ஜாவா பக்கத்து மரத்தின் பிசின். வெனிலா போல இனிப்பு மணம் வரும். இரண்டாவது குங்கிலியம். அது வேறு குடும்பத்து மரம், கோயிலில் நிறையப் போடுவார்கள். திருக்கடவூரில் மனைவியின் தாலியை விற்று நெல் வாங்கப் போனவர், வழியில் மூட்டையைப் பார்த்து அதையே வாங்கிவிட்டாரே குங்கிலியக்கலய நாயனார், அவர் பெயரில் இருப்பது இதுதான். மூன்றாவதுதான் குந்திரிக்கம். மாதா கோயில்களில் தூபக்கலசத்தில் போடுவது பெரும்பாலும் இது, அல்லது இதுவும் சாம்பிராணியும் கலந்தது.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் சொந்தம் இல்லை. அரபியில் குந்திரிக்கத்துக்கு லுபான் என்று பெயர். பால், வெண்மை என்று பொருள்படும் வேரிலிருந்து வந்த சொல். சுமத்ராச் சாம்பிராணியை அரபு வணிகர்கள் "லுபான் ஜாவி" என்றார்கள், அதாவது ஜாவாவின் குந்திரிக்கம். கோட்டைப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் லோபான் என்று சொல்லிப் போடுவதும் பல நேரம் இந்தச் சாம்பிராணிதான். இயேசு பிறந்தபோது ஞானிகள் கொண்டுவந்த மூன்று காணிக்கைகளில் ஒன்று குந்திரிக்கம். தமிழில் ஒரு மொழிபெயர்ப்பு அதைத் தூபவர்க்கம் என்கிறது, இன்னொன்று சாம்பிராணி என்கிறது. சித்த மருந்துச் சரக்குப் பட்டியலில் பறங்கிச் சாம்பிராணி என்று ஒன்று வரும். அது நம் இந்தியக் குந்திரிக்க மரத்தின் பிசின். இப்படியிருக்கும்போது நீங்கள் குழம்பியதில் தப்பே இல்லை.

ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: அநேகமாக இரண்டும் ஒன்றில்லை. ஆனால் வீட்டு டப்பாவில் மிச்சம் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். ஒரு துண்டை எடுத்து, சந்தனம் உரைப்பதுபோல ஈரக் கல்லில் நாலு சுற்று உரையுங்கள். குந்திரிக்கமாக இருந்தால் தண்ணீர் பால்போல வெளுக்கும், ஏனென்றால் அதில் தண்ணீரில் கரைகிற கோந்தும் கலந்திருக்கிறது. சாம்பிராணியும் குங்கிலியமும் அப்படிப் பாலாகக் கலக்காது. கடைக்கு வரும் மூட்டையை அப்பா இப்படித்தான் சோதிப்பார். இன்றுவரை நானும் கல்லைத்தான் நம்புகிறேன். கப் சாம்பிராணியாக இருந்தால் இந்தச் சோதனை எடுபடாது. அதில் கரித்தூள்தான் அதிகம்.

சரி, குந்திரிக்கத்துக்கு வருவோம். உங்கள் அக்கா இருக்கும் ஓமானின் தெற்கே தோஃபார் என்ற பகுதி இதற்குப் பேர்போனது. அங்குள்ள குந்திரிக்க நிலத்தை யுனெஸ்கோ 2000இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் தென்மேற்குப் பருவக்காற்றுதான் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த மலைகளையும் நனைக்கிறது. ஆனால் உயர்ந்த ரகப் பிசின் தரும் மரங்கள், அந்தச் சாரல் நேராக விழாத வறண்ட மறுபக்கத்தில் நிற்கின்றன. பட்டையை லேசாகச் சீவிவிட்டால் வெள்ளைப் பால் துளிர்க்கும். இரண்டு வாரம்போலக் காற்றில் காய்ந்து கண்ணீர்த் துளி மாதிரி உறைந்த பிறகு சுரண்டி எடுப்பார்கள். சோமாலியா, எத்தியோப்பியா, சூடான் பக்கமும் இந்த இனத்து மரங்கள் உண்டு. நம் நாட்டிலும் வறண்ட காடுகளில் ஒரு வகை இருக்கிறது. ஒவ்வொன்றின் மணமும் வேறு. ஓமான் சரக்கில் எலுமிச்சை வாடை தூக்கலாக இருக்கும். எத்தியோப்பியச் சரக்கில் பழ வாடையோடு காளான் போன்ற ஒன்று சேர்ந்து வரும். நம் நாட்டுச் சரக்கு கொஞ்சம் பச்சிலைக் காரம்.

சென்ட்டில் இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஏற்காட்டில் வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும் இல்லையா? அதில் ஒரு பச்சை மிளகைப் பறித்து நசுக்குங்கள். அதோடு ஓர் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளி, அந்தப் பொடிச்சாரலையும் சேர்த்து முகருங்கள். குந்திரிக்க எண்ணெயின் முதல் மூச்சுக்கு அது ரொம்பக் கிட்டே வரும். காரணம் உண்டு. அந்த எண்ணெயில் முக்கியமாக இருக்கிற ஆல்ஃபா பைனீனும் லிமோனீனும் மிளகிலும் இருக்கின்றன. ஆரஞ்சுத் தோலில் லிமோனீன்தான் பெரும்பகுதி. இவை லேசான பொருள்கள், சீக்கிரம் பறந்துவிடும். அதனால்தான் பாட்டிலைத் திறந்ததும் எலுமிச்சை, மிளகு, பச்சை மரம் என்று பளிச்சென்று வருகிறது. கால் மணி நேரம் கழித்து அதே மணிக்கட்டை முகர்ந்தால் வேறொரு ஆள் நிற்பார்: பழைய மாதா கோயிலுக்குள் நுழைந்ததுபோல, குளிர்ந்த கல்லும் பழைய மரமும் அணைந்த புகையும் சேர்ந்த ஒரு வாடை.

அந்தக் கோயில் வாடை எதனால் வருகிறது என்பது வெகுகாலம் பிடிபடவில்லை. பிரான்சின் நீஸ் நகரில் நிக்கோலா பால்டோவினியின் குழு 2016இல்தான் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டது. இரண்டு அமிலங்கள். குந்திரிக்கத்தின் இன்னொரு பெயரான ஒலிபானம் என்பதையொட்டி ஒலிபானிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். எண்ணெயில் மிக மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கின்றன, ஆனால் மூக்கு அதைப் பிடித்துக்கொள்கிறது. மனிதனுக்கு இந்த வாடை தெரிந்து ஆயிரக்கணக்கான வருடம் ஆகிறது. அதன் பெயர் தெரிந்து பத்து வருடம்தான் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சென்ட் செய்பவர்கள் குந்திரிக்கத்தை இரண்டு விதமாக எடுக்கிறார்கள். ஆவியில் வடித்தால் எண்ணெய் வரும். அது மேல் மணம், லேசானது. சாராயம் போன்ற கரைப்பானில் ஊறவைத்து எடுத்தால் தேன்போலக் கெட்டியான சாறு வரும். அதில் அடி மணம் நிற்கும், மற்ற மணங்களையும் தோலோடு பிடித்து வைக்கும். நல்ல சென்ட்டில் இரண்டும் இருக்கும். ரோஜாவோடு சேர்த்தால் ரோஜாவின் தித்திப்பு தணியும். சந்தனத்தோடு சேர்த்தால் சந்தனத்துக்குக் காற்றோட்டம் கிடைத்ததுபோல இருக்கும். ஓமானின் அமுவாஜ் நிறுவனம் 1983இல் தொடங்கியதிலிருந்து இந்தப் பிசினைத் தன் அடையாளமாகவே வைத்திருக்கிறது.

எனக்குப் பாடமான ஒரு சம்பவம் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு விடுதிக்காக 40 பாட்டில் சென்ட் கலந்தேன். சேலத்தில், சித்திரை வெயிலில், என் மூக்குக்குச் சரியாக இருக்கும்படி அளந்தது. மேலே ஏற்காட்டுக்குக் கொண்டுபோய் அடுக்கினோம். மார்கழி வந்தது. குளிரில் பாட்டிலுக்குள் கெட்டிச்சாறு பிரிந்து, சென்ட் முழுவதும் கலங்கிப்போய்விட்டது, மோர் ஊற்றிய மாதிரி. மணமும் ஏறவில்லை. கையில் தடவினால் ஐந்து நிமிடம் மௌனமாகவே இருந்தது. அத்தனையையும் திரும்ப எடுத்து, பனிக்குளிரிலேயே இரண்டு நாள் வைத்து, அடியில் படிந்ததை வடிகட்டிப் பிறகு கொடுத்தேன். அன்றிலிருந்து எந்தச் சரக்கையும் குளிரவைத்து வடிக்காமல் பாட்டிலில் ஊற்றுவதில்லை. உங்களுக்கு இதில் என்ன என்றால், ஒரே சென்ட் அடிவாரத்தில் ஒரு மாதிரி, 1,500 மீட்டர் உயரத்தில் ஒரு மாதிரி. சேலத்து வெயிலில் எலுமிச்சை முகம் பத்து நிமிடத்தில் ஓடிவிடும். மலையில் அது மெதுவாக நடந்து போகும். குந்திரிக்கத்தை நிதானமாக அறிய வேண்டுமானால் ஏற்காட்டில் காலை ஏழு மணிக்கு முகருங்கள்.

இனி மனதின் விஷயம். கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டிய இடம் இது.

குந்திரிக்கம் மனச்சோர்வைப் போக்கும் என்று விளம்பரம் செய்பவர்கள் பெரும்பாலும் கைகாட்டுவது 2008இல் வந்த ஓர் ஆய்வை. ஜெருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆரியே முசாயெஃப் குழுவினர் செய்தது. குந்திரிக்கப் பிசினில் இருக்கும் இன்சென்சோல் அசிடேட் என்ற பொருளைத் தனியே பிரித்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகளின் பதற்றம் குறைந்தது. சோர்ந்துபோய் முயற்சியைக் கைவிடுகிற போக்கும் குறைந்தது. தோலில் இளஞ்சூட்டை உணரவைக்கும் டிஆர்பிவி3 என்ற நுண்ணிய வாசல் மூளைச் செல்களிலும் இருக்கிறது. அதை இந்தப் பொருள் திறக்கிறது. அந்த வாசலே இல்லாத எலிகளுக்குக் கொடுத்தபோது பலன் இல்லை. மிக அழகான ஆய்வு. அதைப் படித்த அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

ஆனால் அங்கே பொருளை ஊசியில் ஏற்றினார்கள், அதுவும் உடல் எடைக்கு ஏற்ற கணிசமான அளவில். மணிக்கட்டில் இரண்டு சொட்டு போட்டு முகர்வதும் அதுவும் ஒன்றாகாது. இன்சென்சோல் அசிடேட் எல்லா வகைக் குந்திரிக்கத்திலும் ஒரே அளவில் இருப்பதும் இல்லை. எத்தியோப்பியா பக்கத்து வகையில் அதிகம். இன்னொன்று, மூட்டுவலிக்குச் சொல்லப்படும் போஸ்வெல்லிக் அமிலங்கள் கனமானவை, ஆவியில் ஏறாது. அதனால் வடித்த எண்ணெயில் அவை இருக்காது. "போஸ்வெல்லிக் அமிலம் நிறைந்த குந்திரிக்க எண்ணெய்" என்று பாட்டிலில் பார்த்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

மனிதர்களிடம் செய்தது இல்லையா என்றால், இருக்கிறது. தென் கொரியாவில் முற்றிய புற்றுநோயாளிகளுக்கு லாவெண்டர், பெர்கமாட், குந்திரிக்கம் மூன்றையும் கலந்து கையைப் பிடித்துவிட்டுப் பார்த்தார்கள். வலியும் மனச்சோர்வும் குறைந்தன. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் எண்ணெய் மூன்று, கூடவே ஒரு மனிதக் கை. இதில் குந்திரிக்கத்தின் பங்கை எப்படிப் பிரித்துச் சொல்வது?

அப்படியானால் உங்கள் நெஞ்சு எதனால் இளகுகிறது? என் கணக்கில் இரண்டு காரணம்.

ஒன்று, மூச்சு. நல்ல மணத்தை முகரும்போது நாம் தெரியாமலே மூச்சை நீளமாக இழுத்து மெதுவாக விடுகிறோம். குந்திரிக்கம் ஒரே இழுப்பில் அகப்படாத மணம், அதனால் மறுபடி மறுபடி இழுப்போம். நாலைந்து நீண்ட மூச்சு போனாலே நெஞ்சுத்துடிப்பு தணிகிறது. என் கடைக்கு வருபவர்களை நான் கவனித்திருக்கிறேன். மாதிரிக் குச்சியை மூக்கருகில் கொண்டுபோனதும் தோள் இரண்டும் இறங்கும். விலையைச் சொன்னதும் ஏறிவிடும், அது வேறு.

இரண்டாவது, நினைவு. பார்ப்பதும் கேட்பதும் மூளைக்குள் தாலமஸ் என்ற ஒரு சந்திப்பில் நின்றுதான் மேலே போகின்றன. வாசனை மட்டும் அங்கே நிற்காமல், உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கும் நினைவைச் சேர்த்துவைக்கும் பகுதிக்கும் நேராகப் போய்விடுகிறது. அதனால்தான் மண்வாசனையோ பாட்டியின் பெட்டி வாசனையோ வந்தால், என்ன ஏது என்று யோசிக்கும் முன்னே கண் கலங்குகிறது. தம்பி, உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா தலைகுளித்து, தூபக்காலில் கங்கு போட்டு, ஒவ்வோர் அறையாகப் புகை காட்டியிருப்பார். அந்த நேரத்தில் வீட்டில் சண்டை இருக்காது, டிவி சத்தம் குறையும். 20, 30 வருடம் அந்த வாடையும் அந்த அமைதியும் சேர்ந்தே உங்களுக்குள் போயிருக்கின்றன. மஸ்கட் சென்ட் அந்தப் பிசின் புகையின் ஒன்றுவிட்ட சொந்தம். உங்கள் மூக்கு அதில் அம்மாவைக் கண்டுகொள்கிறது. பிசின் புகையே போடாத வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு இதே சென்ட் இந்த அளவுக்குச் செய்யாது என்றுதான் நினைக்கிறேன். சின்ன வயதில் சாவு வீட்டில் மட்டும் இந்தப் புகையை அறிந்த ஒருவர் என் சென்ட்டை முகர்ந்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அவரைப் பொறுத்தவரை அது அமைதி தருகிற மணம் இல்லை.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு உபயோகமான யோசனை. இந்த சென்ட்டை நாள் முழுக்கப் போடாதீர்கள். மூக்கு எந்த மணத்துக்கும் சில நிமிடத்தில் பழகி, அதைக் கேட்பதை நிறுத்திவிடும். தவிர, வேலைக்கும் பஸ் நெரிசலுக்கும் போட்டால் அந்த நினைவுகளும் அதோடு ஒட்டிக்கொள்ளும். இரவு படுக்கப் போகும்போது மட்டும் போடுங்கள். போனைத் தள்ளி வைத்துவிட்டு, பத்து மூச்சு, அவ்வளவுதான். ஒரு மாதம் இப்படிச் செய்தால் அந்த மணம் தூக்கத்தோடு சேர்ந்துகொள்ளும். என் மனைவிக்கு இது நன்றாக உதவியது.

எண்ணெய் வாங்குவதானால் வாங்குங்கள், வாசனைக்காக வாங்குங்கள். எந்த நாட்டு மரம், எந்த வகை என்று பாட்டிலில் எழுதியிருக்க வேண்டும். சுத்தமான எண்ணெயை அப்படியே தோலில் தடவக்கூடாது. 10 மில்லி ஜோஜோபா எண்ணெய்க்கு 4 சொட்டு போதும், முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் போடுங்கள். குடிக்கவே கூடாது. வெளிச்சமும் சூடும் பட்டால் எண்ணெய் கெட்டுத் தோலில் அரிப்பு தரும். சேலத்து வெயிலுக்கு ஃப்ரிட்ஜ்தான் சரியான இடம். இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். எத்தியோப்பிய வகை மரங்களில் இளங்கன்றுகளே எழும்பவில்லை என்றும், 20 வருடத்தில் பிசின் பாதியாகக் குறையலாம் என்றும் 2019இல் ஓர் ஆய்வு வந்தது. அதிகம் சீவுவதும் ஆடுமாடு மேய்வதும் காட்டுத்தீயும் காரணம். சொட்டுச் சொட்டாகச் செலவழிக்க வேண்டிய பொருள் இது.

ஒன்றைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மா போய் ஒரு வருடம் ஆகியும் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் வாசனையை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மஸ்கட் சென்ட்டில் அம்மாவின் வாடை பாதிதான் வந்திருக்கும். இனிப்பு குறையும், ஏனென்றால் அதில் அநேகமாகச் சாம்பிராணி இருக்காது. நாட்டு மருந்துக் கடையில் குந்திரிக்கம் 3 பங்கு, சாம்பிராணி 1 பங்கு வாங்கி ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், வீட்டில் ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ இருந்தால் அந்த அறையில் வேண்டாம். பழைய இரும்புத் தோசைக்கல்லைச் சின்னத் தணலில் வைத்து, நடுவில் கால் ஸ்பூன் போடுங்கள். கங்கில் போட்டால் சீக்கிரம் கருகிப் புகைதான் மிஞ்சும். கல்லில் போட்டால் முதலில் துளிகள் வியர்க்கும், எலுமிச்சை வரும். பிறகு ஓரம் பொங்கி நுரைக்கும், அப்போது இனிப்பு எழும். நிறம் பழுப்பாகத் திரும்பும் முன்னே அடுப்பை அணைத்துவிடுங்கள். இனிப்பு போதவில்லை என்று தோன்றினால் அடுத்த வெள்ளிக்கிழமை சாம்பிராணியை ஒரு பங்கு கூட்டிப் பாருங்கள். கொஞ்சம் குங்கிலியமும் சேர்த்துப் பாருங்கள். அம்மா எந்தக் கடையில் வாங்கினார் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கும், கேளுங்கள். அந்தக் கடைக்காரருக்கு அளவு நினைவிருந்தாலும் இருக்கும்.